ஓனர் வந்து எழுதிக் குடுக்கணுமாம்!

வெளிநாட்டில் ‘மோட்டார் வீடு’ என்று ஒரு வண்டி இருக்கிறது. கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. லீவு விட்டால் வீட்டையே ஓட்டிக்கொண்டு ஊர் சுற்றலாம். அந்த வண்டியின் ஜன்னல் சரியாக ஒட்டவில்லை, ஓடும்போது கழன்று விழலாம் என்று தெரிந்தால், கம்பெனிக்காரன் விற்ற வண்டிகளையெல்லாம் திரும்ப அழைக்கிறான். காசு வாங்காமல் சரிசெய்து அனுப்புகிறான். இதற்கு ‘ரீகால்’ என்று பெயர். ஜன்னல் விழுந்து ஆள் சாகவேண்டியதில்லை. விழலாம் என்ற சந்தேகம் போதும். வண்டியில் உள்ள குறையை வாங்கியவனிடம் சொல்லியே தீரவேண்டும் என்று அமெரிக்காவில் 1966-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள்.

நல்ல சட்டம். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. என் கேள்வி வேறு. வண்டி வைத்திருப்பவனின் ஜன்னலுக்கு இவ்வளவு மரியாதை என்றால், வண்டி இல்லாதவளின் விரலுக்கு என்ன மரியாதை?

காஞ்சிபுரத்தைப் பட்டு நகரம் என்பார்கள், கோயில் நகரம் என்பார்கள். நான் அந்தப் பட்டுக்குள் எட்டு வயதில் போனவன். முதலாளி வீட்டுத் தறியில் கோர்வைக்கு ஆளாக உட்கார்ந்தேன். என் தங்கச்சிக்குப் பாவு பிணைக்கிற வேலை. பழைய பாவோடு புதுப் பாவை இழை இழையாகச் சேர்க்க வேண்டும். தலைமுடி மாதிரி ஆயிரக்கணக்கான இழை. கண்ணைவிட விரல்நுனிதான் அதற்கு முக்கியம். தறி படுத்ததும் எங்கள் சேரிப் பெண்கள் பலரைப் போல அவளும் ஓரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போனாள்.

கூட்டிப்போக ஒரு பழைய பஸ். மேலிருந்து கீழே இறக்குகிற ஷட்டர் வைத்த ஜன்னல். ஷட்டரைத் தாங்குகிற கொக்கி தேய்ந்துபோய் ரொம்ப நாள். வாலாஜாபாத் தாண்டி ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டதும் ஷட்டர் தொப்பென்று இறங்கியது. வலது கையில் இரண்டு விரல்நுனி போய்விட்டது.

சூப்பர்வைசர் கேட்டது: “கைய ஏம்மா அங்க வச்ச?” கம்பெனி சொன்னது: “வண்டி எங்களுது இல்ல, கான்ட்ராக்ட்.” கான்ட்ராக்டர் சொன்னது: “நாங்களே வாடகைக்கு எடுத்துதான் ஓட்டறோம்.” மனுவை எடுத்துக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்தவர் கேட்டார்: “நீ யாரு? வண்டி ஓனரா? ஓனர் வந்து எழுதிக் குடுக்கணும்யா.”

தோழர்களே, அவர் தெரியாமல் சொல்லவில்லை. சட்டமே பாதி அப்படித்தான் பேசுகிறது.

நம் நாட்டில் ஜன்னலுக்காக வண்டியைத் திரும்ப அழைத்த கதை உண்டு. 2010 ஜனவரியில் ஹோண்டா கம்பெனி உலகம் முழுக்க ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் சுவிட்சில் தண்ணீர் இறங்கினால் தீப்பிடிக்கலாம் என்பது குறை. தென்னாப்பிரிக்காவில் அதற்கு முந்தைய ஆண்டு ஒரு குழந்தை காருக்குள் கருகிச் செத்திருந்தது. இந்தியாவில் திரும்ப அழைக்கப்பட்டவை 8,532 சிட்டி கார்கள். அப்போது இங்கே ரீகாலுக்குச் சட்டமே கிடையாது. கம்பெனி தானாகச் செய்தது. கார் வாங்குகிறவன் கோபித்துக்கொண்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று அதற்குத் தெரியும்.

பிறகு சட்டம் வந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 2021 ஏப்ரல் 1 முதல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. குறையுள்ள வண்டியைத் திரும்ப அழைக்கும்படி அரசு உத்தரவிடலாம். ஒரு கோடி ரூபாய் வரைக்கும் அபராதம். யாருக்கு ஆபத்து என்று சொல்லும்போது ஓட்டுநர், உள்ளே இருப்பவர், சாலையில் போகிறவர் எல்லாரும் வருகிறார்கள். யார் புகாரை எண்ணுவது என்று வரும்போது முதல் வரியில் உரிமையாளர்தான் நிற்கிறார். இத்தனை உரிமையாளர் புகார் சொன்னால் விசாரணை என்று கணக்கு. ஏறிப்போகிறவளுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. இன்னொன்று, வண்டிக்கு வயது ஏழுக்குள் இருக்கவேண்டும். எங்கள் சேரி முனையில் வந்து நிற்கிற வண்டி எது ஏழு வயதுக்குள்? மற்றவன் ஓட்டித் தேய்த்துக் கைமாற்றிவிட்ட வண்டிதானே எங்களுக்கு வருகிறது!

ஒரு தோழர் சொன்னார்: “கொக்கி தேஞ்சது ரீகால் விவகாரம் இல்ல. அது எஃப்.சி. விவகாரம்.” சரி, எஃப்.சி.க்கே வருவோம். 2012 ஜூலையில் தாம்பரம் சேலையூரில் பள்ளிக்கூட பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி விழுந்து சக்கரத்தில் நசுங்கிச் செத்தாள். அப்போது அதுவும் நம் காஞ்சிபுரம் மாவட்டம்தான். அது எஃப்.சி. வாங்கிய வண்டி. சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையிலெடுத்தது, நாடே பார்த்தது, அதற்கப்புறம்தான் பள்ளி வண்டிகளுக்குத் தனி விதி வந்தது. ஒரு பிள்ளை செத்த பிறகுதான் அந்த ஓட்டை அதிகாரியின் கண்ணில் பட்டது. தேர்த் திருவிழா என்றால் சக்கரத்தைத் தட்டிப் பார்க்கிறார்கள், அச்சைப் பார்க்கிறார்கள், பொதுப்பணித்துறை சான்று கேட்கிறார்கள். தேருக்கு இரும்புச் சக்கரமும் பிரேக்கும் திருச்சி பெல் ஆலையிலேயே செய்து கொடுத்திருக்கிறார்கள். செய்யட்டும். ஆண்டுக்கு ஒரு தரம் உருள்கிற தேருக்குக் காட்டுகிற அக்கறையை, தினம் இரண்டு வேளை நூற்றுக்கணக்கான பெண்களை ஏற்றுகிற பஸ்ஸுக்குக் காட்டினால் என்ன?

நம் அரசுக்குத் திரும்ப அழைக்கவே தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகத் தெரியும். 1997-ஐ நினைத்துப் பாருங்கள். விருதுநகரில் புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மனின் படையில் நின்று போரிட்டவன். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள் சாதி இந்துக்கள். பஸ் கண்ணாடியெல்லாம் கல்லால் உடைந்தது. தென்மாவட்டங்களில் உயிர்கள் போயின. சில மாதங்களுக்குள் அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டது. சென்னையில் அம்பேத்கர் பெயரில் ஓடிய கழகத்தின் பெயரும் போயிற்று. நம் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் போயிற்று.

தமிழ்நாடு கண்ட பெரிய ரீகால் அதுதான். பிரேக்கில் குறையில்லை, ஜன்னலில் குறையில்லை. பஸ்ஸின் நெற்றியில் ஒரு தலித்தின் பெயர் இருந்தது, அதுதான் குறை. புகார் சொன்னவர்களைப் பார்த்து “நீ வண்டி ஓனரா?” என்று யாரும் கேட்கவில்லை. ஊருக்கே ஓனர் என்று அவர்களை அரசு ஏற்றுக்கொண்டது.

வண்டிக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1929-இல் பாபாசாகேப் அம்பேத்கர் சாலிஸ்கானில் ரயிலைவிட்டு இறங்கினார். தீண்டத்தகாதவரை ஏற்றிப்போக டோங்காக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். வண்டியை மட்டும் வாடகைக்குத் தருவோம், ஓட்டமாட்டோம் என்றார்கள். ஓட்டிப் பழக்கமில்லாத ஒரு மகார்தான் ஓட்டினார். பாலத்தில் சக்கரம் சிக்கி, அம்பேத்கர் கல்லில் தூக்கியெறியப்பட்டு, கால் முறிந்தது. குறை குதிரையிலா? சக்கரத்திலா? ஓட்டிய அந்த ஏழையிடமா? குறை எதில் இருந்ததோ அதை இன்றுவரை எவனும் திரும்ப அழைக்கவில்லை.

110-ஏ பிரிவில் கடைசியாக ஒரு வால் இருக்கிறது. உரிமையாளர் சொல்லலாம், சோதனை நிலையம் சொல்லலாம், ‘வேறு எந்த வழியிலும்’ அரசுக்குத் தெரியவரலாம். அந்த ‘வேறு வழி’ நாம்தான், தோழர்களே! ஒவ்வொரு சேரி முனையிலும் கம்பெனி வண்டி நிற்கும்போது நோட்டோடு நில்லுங்கள். வண்டி எண், ஜன்னல், கொக்கி, அவசர வழி, தரை எல்லாவற்றையும் எழுதுங்கள். ஏறுகிற பெண்களிடம் கையெழுத்து வாங்குங்கள். ஏறிப்போகிறவரின் புகாரும் எண்ணிக்கையில் சேரவேண்டும், பஸ்ஸுக்கு ஏழு வயது வரம்பு போகவேண்டும், வண்டி யாருடையதானாலும் வேலைக்கு வைத்த கம்பெனிதான் பதில் சொல்லவேண்டும் என்று கேளுங்கள்.

என் தங்கச்சி இப்போது பாவு பிணைக்க உட்கார்ந்தால் இழை நழுவுகிறது. “நுனி இல்லாம நூலு தெரியலண்ணே” என்கிறாள். அடுத்த தரம் நான் மனு கொண்டுபோகும்போது தனியாகப் போகமாட்டேன். அந்த பஸ்ஸில் ஏறுகிற அத்தனை பேரும் என்னோடு வருவார்கள். யார் ஓனர் என்று அப்போது கேட்கட்டும்.