தூரிகை மட்டும் போதாது

மனம் நொந்தவரிடம் ‘மனம்விட்டுப் பேசுங்கள்’ என்கிறோம். பேச வாய் வராதவர்கள் என்ன செய்வார்கள்? வன்முறையைக் கண்ணெதிரே கண்ட குழந்தைக்கும், வெளியே சொன்னால் குடும்ப மானம் போய்விடும் என்று எல்லாவற்றையும் உள்ளுக்குள் விழுங்கிக்கொண்ட பெண்ணுக்கும் பேச்சு எளிதில் வருவதில்லை. இத்தகையோருக்கு ஓவியச் சிகிச்சை கைகொடுக்கக்கூடும். காசநோயால் சானடோரியத்தில் இருந்த பிரிட்டன் ஓவியர் ஏட்ரியன் ஹில், வரைவது தன்னைத் தேற்றுவதை உணர்ந்து சக நோயாளிகளையும் வரையவைத்தார். 1942இல் ‘ஆர்ட் தெரபி’ என்று பெயர் சூட்டியவரும் அவரே. நம்மிடையே இன்று வண்ணம் தீட்டும் புத்தகம் முதல் வார இறுதிப் பயிலரங்கு வரை எல்லாமே அந்தப் பெயரில் விற்பனையாகின்றன. இந்தச் சிகிச்சைக்கு அரசு மருத்துவமனைகளில் இடம் வேண்டும். அதற்கு முதல் தேவை, பயிற்சி பெற்ற ஆள்.

வரைவது பலருக்கும் ஆறுதல் தரும். ஆறுதலைச் சிகிச்சையாக்குவது உடன் இருப்பவரின் திறமை. கறுப்பு என்றால் சோகம், சிவப்பு என்றால் கோபம் என்று அவர் குறிசொல்வதில்லை. படத்தில் இருப்பது என்னவென்று வரைந்தவரையே கேட்கிறார், சொல்லும்வரை காத்திருக்கிறார், பழைய காயம் கிளறப்படும்போது எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிந்திருக்கிறார். பயிற்சி இல்லாதவர் கையில் அந்தக் காயம் திறந்தபடியே விடப்படும் ஆபத்து உண்டு. பதிவு பெறாத எவரும் தம்மை ஓவியச் சிகிச்சையாளர் என்று சொல்லிக்கொள்ள பிரிட்டன் சட்டம் இடம் தராதது இதனால்தான்.

ஆதாரம் எங்கே என்று மருத்துவர்கள் கேட்பது நியாயம். பிரிட்டனில் மனச்சிதைவு நோயாளிகள் 417 பேரிடம் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ‘மேட்டிஸ்’ ஆய்வு, குழுவாக அளித்த ஓவியச் சிகிச்சையால் நோய்க்குறிகள் குறையவில்லை என்று கண்டது. இதை மறைக்கக் கூடாது. அதே ஆய்வில், இச்சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் ஐந்தில் இருவர் ஓர் அமர்வுக்குக்கூட வரவில்லை. விருப்பம் பாராமல் எல்லோருக்கும் எழுதித்தரக்கூடியது அல்ல இது என்பதே இதில் கிடைக்கும் பாடம். கலைகளுக்கும் உடல், மன நலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிய 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளை உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அறிக்கை தொகுத்தது. நம்பிக்கை தரும் முடிவுகள் அதில் நிறைய உண்டு. ஆனால், அவை இசை, நடனம் உள்ளிட்ட எல்லாக் கலைகளையும் பற்றியவை, எல்லாம் ஒரே தரத்தவையும் அல்ல. எனவே, மருந்துக்கும் உளவியல் ஆலோசனைக்கும் மாற்றாக அல்லாமல், துணையாகவே இதைக் கேட்க முடியும்.

ஏழை நாட்டுக்கு இது ஆடம்பரம் இல்லையா? 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. மருத்துவருக்கே தட்டுப்பாடு இருக்கையில் ஓவியம் எதற்கு என்ற கேள்வி எழும். ஆனால், இலங்கைப் போருக்கு நடுவே 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், தமிழ், முஸ்லிம் குழந்தைகளுடன் ஓவியம், களிமண், கதை என்று பணியாற்றியவர்கள் அந்தப் பகுதி மக்களே. பயிற்சி என்றதும் வெளிநாட்டுப் பட்டம்தான் வேண்டும் என்பதில்லை. பொறுமையான கற்றலும் தொடர்ந்த மேற்பார்வையும் இருந்தால், எளிய இடத்திலும் இது சாத்தியம்.

துணை மருத்துவத் தொழில்களை நெறிப்படுத்த 2021இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் பட்டியலில் கலைச் சிகிச்சையாளரும் இடம்பெற்றிருக்கிறார். அது பெயரளவில் நின்றுவிடக் கூடாது. பாடத்திட்டமும் பதிவேடும் வேண்டும். குழந்தைகள் இல்லங்களிலும் அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் சில பணியிடங்களைத் தமிழ்நாடு அரசு உருவாக்கி, பலனை அளந்து மக்கள் முன் வைக்க வேண்டும். பலன் இல்லாத இடத்தில் நிறுத்தவும், உள்ள இடத்தில் விரிவாக்கவும் அப்போதுதான் முடியும். தன் துயரத்தை நம்பித் தாளில் இறக்கிவைப்பவருக்கு, எதிரே இருப்பவர் தகுதியானவர் என்ற உறுதியைத் தரும் பொறுப்பு அரசினுடையது.