வாயிலில் நிற்கும் அழைப்பு

தில்லிக்குப் பணிமாறுதல் பெற்று வந்த முதல் ஆண்டு. என் வகுப்பு மாணவி ஒருத்தி படம் வரைவதில் வல்லவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தன் தாயுடன் ஓவியக்கூடம் ஒன்றின் வாயில்வரை சென்று, உள்ளே நுழையாமல் திரும்பிவிட்டாள். காரணம் கேட்டேன். "நம்மைப் போன்றவர்கள் உள்ளே போகலாமா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை, ஐயா" என்றாள்.

மறுவாரம் நானே அங்குச் சென்றேன். வாயிலில் கரிய சுவரொட்டி ஒன்று இருந்தது. அதன் மூலையில், மெல்லிய ஆங்கில எழுத்தில் ஓவியரின் பெயரும் நாளும் அச்சிடப்பட்டிருந்தன. கண்காட்சிக்குக் கட்டணம் இல்லை, எவரும் வரலாம். அச்செய்தி மட்டும் அதில் இல்லை. சுவரொட்டி சொல்லாததை நான் அவளிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

கண்காட்சிச் சுவரொட்டி என்பது ஓர் அழைப்பு. திருமண அழைப்பிதழில் நாளையும் மண்டபத்தையும் மறைத்து அழகு செய்பவர் உண்டோ? சுற்றமும் நட்பும் சூழ வருமாறு வேண்டாத அழைப்பிதழ்தான் உண்டோ? அந்த விருந்தோம்பல் ஓவியக்கூடத்தின் வாயிலிலும் வேண்டும் என்பதே என் கருத்து.

எழுத்து மிகுந்தால் படத்தின் அழகு கெடும் என்பர் சிலர். 1898ஆம் ஆண்டு வியன்னா நகரில், பழைய கலை அமைப்பிலிருந்து பிரிந்த ஓவியர்கள் தங்கள் முதல் கண்காட்சியை நடத்தினர். அதற்கான சுவரொட்டியைக் குஸ்தாவ் கிளிம்ட் வரைந்தார். மேலே, எருதுத்தலை அரக்கனுடன் போரிடும் கிரேக்க வீரன். நடுவில் பெரிய வெற்றிடம். வீரனின் ஆடையற்ற உருவத்தைத் தணிக்கையாளர் எதிர்த்ததால், அதன்மேல் மரங்களை வரைந்து மறைக்க நேர்ந்தது. ஆயினும் கண்காட்சியின் இடமும் காலமும் அதில் மறைக்கப்படவில்லை. வெற்றிடமும் செய்தியும் ஒரே தாளில் இணங்கி வாழும் என்பதற்கு அதுவே சான்று.

அடுத்தது மொழி. தில்லியில் இந்தியும், கொச்சியில் மலையாளமும், சென்னையில் தமிழும் ஆங்கிலத்துடன் இடம்பெற வேண்டும். இந்திய எழுத்துகள் நவீன வடிவமைப்புக்குப் பொருந்தா என்பது தவறான எண்ணம். ஓவியர் கே. எம். ஆதிமூலம் தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் வரைந்த தலைப்பெழுத்துகளைப் பாருங்கள். அவர் கையில் தமிழ் எழுத்தே ஓவியமாயிற்று.

ஆனால், வடிவமைப்பாளர் ஒன்றை உணர வேண்டும். தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் நீண்டவை. மேலே புள்ளியும் விலங்கும், கீழே சுழியும் உடைய எழுத்துகளுக்கு வரிகளிடையே போதிய இடைவெளி வேண்டும். ஆங்கிலத்தில் அனைத்தையும் முடித்துவிட்டு, எஞ்சிய மூலையில் தமிழைச் சுருக்கித் திணித்தால் அஃது எவர் கண்ணிலும் படாது. விருந்தினருக்கு முன்கூட்டியே இலை போடுவதுபோல், மொழிக்கும் முதலிலேயே இடம் ஒதுக்க வேண்டும்.

மாணவர்களே! வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என வாழ்பவர்கள் நீங்கள். ஒரு மொழி மட்டும் எழுதிய பலகையின் முன் நிற்பவரின் தயக்கம் உங்களுக்குத் தெரியும். உங்கள் பள்ளியின் ஓவியக் கண்காட்சிக்குச் சுவரொட்டி வரையும்போது, எழுதுகோலை எடுக்குமுன் வாயிலில் தயங்கி நிற்கும் அந்தத் தாயை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் உள்ளே வந்தால், உங்கள் சுவரொட்டி நன்று.

சொல்லும் பொருளும்
சுவரொட்டி – சுவரில் ஒட்டும் விளம்பரத் தாள்
தணிக்கையாளர் – வெளியிடத் தக்கதா என ஆராய்பவர்
இணங்கி – ஒத்து, பொருந்தி

சிந்தித்து எழுதுக
1. மாணவியின் தாய் ஓவியக்கூடத்தின் உள்ளே செல்லாமல் திரும்பியது ஏன்?
2. ஒரு கண்காட்சிச் சுவரொட்டியில் இடம்பெற வேண்டிய செய்திகள் யாவை?
3. உங்கள் பள்ளி ஓவியக் கண்காட்சிக்கு இருமொழிச் சுவரொட்டி ஒன்று வரைக.