நான்கு வேகக் குதிரைகள்
குற்றாலச் சாலைக்கு எது ஏற்றது?

ஆனி பிறந்துவிட்டால் வாசுதேவநல்லூர் சாலைக்கு ஓய்வு கிடையாது.

குற்றாலத்தில் சாரல் விழுகிறது என்று செய்தி வந்தால் போதும். மதுரை, விருதுநகர், ராஜபாளையம் பக்கத்து வாலிபர்கள் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டுவிடுகிறார்கள். திருமங்கலத்தில் பிரிந்து கொல்லம் வரை போகும் நெடுஞ்சாலை இது. சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று ஊர்களுக்கு நடுவே புகுந்து தென்காசியை அடைகிறது. வலது பக்கம் கூடவே மலை வருகிறது.

ஒரு காலத்தில் இந்தச் சாலையில் 100 சி.சி. வண்டிகள்தான் ஓடின. இப்போது அவற்றைப்போல நான்கு மடங்கு, ஐந்து மடங்கு சக்தி உள்ள வண்டிகள் சீறுகின்றன. வீட்டில் ஒரு பையன் வேலைக்குப் போனதும் கேட்கும் முதல் பொருள் இதுதான். அப்பா விலையைக் கேட்கிறார். அம்மா, "பத்திரமான வண்டியா?" என்று கேட்கிறார். அம்மாவின் கேள்விக்குத்தான் பதில் சொல்வது கடினம்.

வரி போட்ட கோடு

2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி மோட்டார் சைக்கிள் வரி மாறியது. 350 சி.சி. வரை உள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 350-ஐத் தாண்டிய வண்டிகளுக்கு, மேல்வரியும் சேர்த்து 31 சதவீதமாக இருந்தது 40 சதவீதமாக உயர்ந்தது.

சி.சி. என்றால் என்ன? எஞ்சினுக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் இடத்தின் அளவு. 1,000 சி.சி. என்பது ஒரு லிட்டர்.

வரிக்கு முன் 2 லட்சம் ரூபாய் விலையுள்ள இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று கோட்டுக்கு இந்தப் பக்கம். மற்றது அந்தப் பக்கம். முன்பு இரண்டுக்கும் வரியில் வித்தியாசம் 6 ஆயிரம் ரூபாய். புதிய கணக்கில் 44 ஆயிரம் ரூபாய்! ஒரு குடும்பத்தின் முடிவை மாற்ற இந்தத் தொகை போதும்.

ஆனால், வரி போட்டவர்கள் எஞ்சினின் அளவைப் பார்த்தார்கள். வண்டி எப்படித் திரும்பும், எப்படி நிற்கும் என்று பார்க்கவில்லை. அது அவர்கள் வேலையும் அல்ல. வாங்குகிறவர்தான் பார்க்கவேண்டும்.

நால்வர் யார்?

வாலிபர்களின் பேச்சில் அடிபடும் நான்கு வண்டிகளைப் பார்ப்போம்.

ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டி.வி.எஸ். கம்பெனியின் அப்பாச்சி ஆர்.டி.ஆர். 310. இது 2023-ல் வந்தது. 312 சி.சி. எஞ்சின்; 35 குதிரை சக்திக்குச் சற்று மேல்; எடை 169 கிலோ. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனியுடன் 2013-ல் செய்த கூட்டு ஒப்பந்தத்தில் பிறந்த எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. நால்வரில் 18 சதவீத வரிக்குள் அடங்குவது இது ஒன்றுதான்.

அடுத்தது ஆஸ்திரியா நாட்டுப் பெயருடன் புனே அருகே சாக்கனில் தயாராகும் கே.டி.எம். 390 டியூக். 2023-ல் வந்த உருவில் 398 சி.சி. எஞ்சின். 46 குதிரை சக்தி. எடை சுமார் 168 கிலோ.

அதே சாக்கனில், அதே பஜாஜ் கம்பெனி, இங்கிலாந்தின் டிரையம்ப் பெயரில் தயாரிப்பது ஸ்பீட் 400. அதுவும் 2023-ல் வந்ததே. 398 சி.சி., 40 குதிரை சக்தி.

நான்காவது நம் சென்னைப் பக்கத்து வண்டி. ராயல் என்ஃபீல்டு 2024-ல் வெளியிட்ட கெரில்லா 450. 452 சி.சி., 40 குதிரை சக்தி, 185 கிலோ.

சாலையில் இறங்கினால்?

எண்களை விட்டுச் சாலைக்கு வருவோம்.

புளியங்குடியில் கடைவீதி. நடுவில் வேகத்தடை. எலுமிச்சை மூட்டை ஏற்றிய சிறு லாரி திடீரென்று நிற்கும். இங்கே டியூக் வண்டியின் சுறுசுறுப்பு தெரியும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைத்தூரம் சுமார் 136 சென்டிமீட்டர்தான். நினைத்த இடத்தில் வளையும். அப்பாச்சியும் கிட்டத்தட்ட இதே அளவு. ஆனால் டியூக் வண்டியின் அதிர்வுதாங்கி கொஞ்சம் விறைப்பு. மேடு பள்ளம் முதுகுக்குத் தெரியும். முன்னும் பின்னும் அதைத் திருகித் திருத்திக்கொள்ள வசதி இருக்கிறது. எத்தனை பேர் திருத்துகிறார்கள் என்பது வேறு விஷயம்!

ஸ்பீட் 400 இதில் சாது. வேகத்தடையை மெத்தென்று தாண்டும். தினமும் வேலைக்குப் போய்வர நால்வரில் இதுவே சுகம்.

ஊரைத் தாண்டினால் கரும்பு டிராக்டர்கள். முந்திச் செல்ல எஞ்சினில் உடனடி இழுவை வேண்டும். கெரில்லா வண்டி, எஞ்சின் நிமிடத்துக்கு 5,500 சுற்று சுற்றும்போதே முழு இழுவையைத் தந்துவிடுகிறது. மற்ற மூன்றும் 6,500 சுற்றுக்குக் குறையாமல் கேட்கின்றன. அவற்றிலும் அப்பாச்சியின் இழுவை குறைவு. கியரைக் குறைத்துத்தான் முந்தவேண்டும். பழகிய கைக்கு இது தொல்லை இல்லை. பழகாதவர், எதிரே லாரி வருவதைப் பார்த்த பிறகு கியரைத் தேடுவார்.

கடையநல்லூரை நெருங்கினால் காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கில் இருந்து வரும் சீசன் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். அதற்காகத்தானே இந்தப் பக்கம் காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள்! இங்கே கெரில்லாவின் எடையும் 144 சென்டிமீட்டர் சக்கர இடைத்தூரமும் கைகொடுக்கின்றன. நேர்கோட்டில் அது அசையாமல் போகும். ஆனால் அதே நீளம், குறுகிய வளைவில் கொஞ்சம் சோம்பலாகத் தெரியும்.

புளியரை வளைவு

செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக்கு ஏறும் வழியில் புளியரை. அங்குள்ள "எஸ் வளைவு" தெரியாத லாரி டிரைவர் கிடையாது. கேரளாவுக்குச் செல்லும் கனரக லாரிகள் மூச்சு வாங்கி ஏறும் இடம். ஆடிச் சாரலில் தார் நனைந்து கிடக்கும்.

இங்கேதான் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

30 மீட்டர் ஆரம் உள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த தார்ச் சாலையில் டயர் பிடிக்கும் அளவுக்கு, மணிக்கு சுமார் 55 கிலோமீட்டர் வேகம்வரை போகலாம். நனைந்து வழுக்கும் சாலையில் பிடிப்பு பாதியாகிவிட்டால் 40-ஐத் தொடுவதற்குள் எல்லை வந்துவிடும். அதைத் தாண்டினால் சக்கரம் சறுக்கும். 46 குதிரை சக்தி வண்டிக்கும் இதே எல்லைதான். 8 குதிரை சக்தி வண்டிக்கும் இதேதான். வேறுபாடு ஒன்றே. பெரிய வண்டி அந்த எல்லையைக் கண் மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடும்.

பிரேக்கும் அப்படியே. 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கைத் தொட ஒரு வினாடி ஆகும். அதற்குள் வண்டி 17 மீட்டர் ஓடிவிடும். ஈரச் சாலையில் நிற்க மேலும் சுமார் 35 மீட்டர். ஆக 52. வேகம் 100 என்றால்? மொத்தம் 125 மீட்டர் வேண்டும். எஸ் வளைவில் அவ்வளவு தூரம் கண்ணுக்கே தெரியாது.

நான்கு வண்டிகளிலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக் இருக்கிறது. டியூக், அப்பாச்சி இரண்டிலும் மழைக்கென்று தனி ஏற்பாடு உண்டு. அதைப் போட்டால் எஞ்சின் பதமாக வேலை செய்யும். ஸ்பீட் 400-ல் பின் சக்கரம் வழுக்கிச் சுழன்றால் சக்தியைக் குறைக்கும் கருவி உண்டு. கெரில்லா வெளியானபோது அதில் அந்தக் கருவி வைக்கவில்லை. மழைக்காலத்தில் இந்தச் சாலைக்கு அது ஒரு குறையே.

ராஜ்தூத் கற்றுத்தந்தது

சக்தி மட்டும் வந்து பிரேக் வராமல் போனால் என்ன ஆகும்? நம் நாடு அதை ஒருமுறை பார்த்துவிட்டது.

1983-ல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி ராஜ்தூத் 350 என்ற வண்டியை வெளியிட்டது. ஜப்பான் யமஹாவின் ஆர்.டி. 350 வண்டிதான் மூலம். 30 குதிரை சக்தி. அந்நாளைய புல்லட்டுக்கு 18 தான். ஜப்பான் வண்டியின் முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தது. இங்கே வந்ததில் டிரம் பிரேக். வண்டி பறந்தது, நிற்கத்தான் யோசித்தது. விலையும் அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம். சில ஆண்டுகளில் உற்பத்தியே நின்றுபோனது. இன்று அதைப் பழைய நகைபோலத் துடைத்து வைத்திருப்பவர்கள் உண்டு.

அந்த ராஜ்தூத்துடன் ஒப்பிட்டால் இந்த நால்வரும் நல்ல பிள்ளைகள்.

பின் சீட்டில் யார்?

விளம்பரத்தில் ஒருவர்தான் ஓட்டுகிறார். நம் ஊரில் பின்னால் மனைவி உட்காருவார், அல்லது அம்மா உட்காருவார். சேலையுடன், ஒரு பக்கமாகக் கால் போட்டு.

டியூக் வண்டியின் பின் சீட்டு உயரம், சிறியது. கோவிலுக்கு அம்மாவை அழைத்துப்போக அது ஏற்றதல்ல. அப்பாச்சியும் அந்த ஜாதிதான். ஸ்பீட் 400, கெரில்லா இரண்டிலும் உட்கார இடம் பரவாயில்லை. பின்னால் ஒருவர் ஏறியதும் முன் சக்கரத்தின் கனம் குறைந்து, வண்டி திரும்பும் விதமே மாறிவிடும். கடையில் ஓட்டிப் பார்க்கும்போது தனியாக ஓட்டினால் இது தெரியாது. வீட்டில் ஒருவரைப் பின்னால் ஏற்றி ஓட்டிப் பார்க்கவேண்டும்.

தனி ஆளாக, மலைச் சாலையில் ஓட்டத் தெரிந்தவருக்கு டியூக். நீண்ட தூரம் போகிறவருக்கு கெரில்லா. பணத்தையும் மழையையும் சேர்த்துப் பார்க்கிறவருக்கு அப்பாச்சி. குடும்பத்துக்கு ஸ்பீட் 400. வரிக்கோடு இல்லாவிட்டால் பல வீடுகளில் கடைசி வண்டியே ஜெயித்திருக்கும்.

எட்டு போட்டால் போதுமா?

2022-ல் இந்தியச் சாலைகளில் 1 லட்சத்து 68 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் விபத்தில் இறந்தார்கள். அவர்களில் சுமார் 75 ஆயிரம் பேர் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். இது மத்திய அரசின் கணக்கு.

ஐரோப்பிய நாடுகளில் லைசென்சுக்குப் படிகள் உண்டு. 18 வயதுக்காரருக்கு 47 குதிரை சக்தி அளவோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் இரண்டு ஆண்டு அனுபவமும் இன்னொரு தேர்வும், அல்லது 24 வயதும் தேவை. இந்த நான்கு வண்டிகளும் அங்கே நடுப்படியில் நிற்பவை.

இங்கே படி கிடையாது. கியர் வண்டி லைசென்சு ஒன்றுதான். அண்ணனின் 100 சி.சி. வண்டியை இரவல் வாங்கி, இன்ஸ்பெக்டர் முன்னால் காலை ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்டுகிறான் பையன். நடக்கும் வேகத்தில் போட்ட எட்டு அது. அந்த லைசென்சைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த நாளே 46 குதிரை சக்தி வண்டியில் ஏறிப் புளியரை வளைவுக்குப் போகலாம். சட்டம் தடுக்காது.