எல்லை ஆற்றின் கடைமடை

கேள்வி: இரண்டு நாடுகளுக்கு நடுவே எல்லையாக ஓடும் ஆற்றில் தண்ணீரை எப்படிப் பங்கு பிரிப்பார்கள்? கடைமடைக்காரருக்கு ஏதாவது மிஞ்சுமா?
- வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: இதற்கு ரியோ கிராண்டே ஆற்றைச் சொல்லலாம். அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் பனி உருகிப் பிறந்து, சுமார் 3,000 கிலோமீட்டர் ஓடி மெக்சிகோ வளைகுடாவில் கலக்கும் ஆறு. எல் பாசோ நகரிலிருந்து கடல் வரை, ஏறக்குறைய 2,000 கிலோமீட்டருக்கு அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் இதுதான் எல்லை. மெக்சிகோ மக்கள் இதை ரியோ பிராவோ என்பார்கள்.

பெயர்தான் ஒன்று, உண்மையில் இது இரண்டு ஆறு. மலையிலிருந்து வரும் தண்ணீரை நியூ மெக்சிகோ மாநிலத்தில் எலிஃபண்ட் பியூட் அணையில் தேக்கி, மிளகாய், பருத்தி, குதிரைமசால் வயல்களுக்கும் பீக்கன் கொட்டைத் தோப்புகளுக்கும் திருப்பிவிடுகிறார்கள். எல் பாசோவுக்குக் கீழே 300 கிலோமீட்டர் அளவுக்கு ஆறு வெறும் ஓடையாகிவிடும். அந்த இடத்துக்கு 'மறக்கப்பட்ட பகுதி' என்றே பெயர். அப்புறம் மெக்சிகோவின் சிவாவா மாநிலத்திலிருந்து கோன்ச்சோஸ் என்ற துணையாறு வந்து சேர்ந்த பிறகுதான் ஆற்றுக்கு மறுபடி உயிர் வருகிறது. அதற்குக் கீழே செங்குத்தான பாறைப் பள்ளத்தாக்குகள், கடலோரத்தில் பனை இனத்துக் காடுகள். வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் கூடும் இடம் இது. 500 வகைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள்.

பங்கு விஷயத்துக்கு வருவோம். 1944-ல் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் போட்டன. மெக்சிகோ பக்கத்து ஆறு துணையாறுகளிலிருந்து வரும் நீரில் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்கு. அது ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 3,50,000 ஏக்கர்-அடிக்குக் குறையக் கூடாது. நம் கணக்கில் சுமார் 15 டி.எம்.சி. பதிலுக்கு, கொலராடோ என்ற வேறோர் ஆற்றிலிருந்து அமெரிக்கா மெக்சிகோவுக்கு ஆண்டுதோறும் 65 டி.எம்.சி. தர வேண்டும். கணக்கை ஆண்டுக்கு ஆண்டு பார்க்காமல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பார்ப்பது நல்ல யோசனைதான். மழை ஓர் ஆண்டைப் போல் மறு ஆண்டு பெய்வதில்லையே. ஆனால் அதிலேயே வம்பும் இருக்கிறது. கடும் வறட்சி என்றால் பாக்கியை அடுத்த ஐந்தாண்டில் கட்டலாம். 'பிறகு கொடுக்கலாம்' என்று தள்ளிக்கொண்டே போய், கடைசி ஆண்டில் கழுத்தைப் பிடிக்கும்.

2020-ல் அப்படித்தான் ஆனது. பாக்கியை அடைக்க லா போகியா அணையைத் திறந்தபோது, 'எங்கள் பயிருக்கு எங்கே போவது?' என்று சிவாவா விவசாயிகள் அணையையே கைப்பற்றினார்கள். மோதலின்போது துப்பாக்கிச் சூட்டில் ஒரு பெண் இறந்தார். எதிர்க்கரையிலும் நிலைமை நல்லதாக இல்லை. டெக்சாஸ் கடைமடையில் கரும்புக்குத் தண்ணீர் போதாமல், அந்த மாநிலத்தில் இருந்த ஒரே சர்க்கரை ஆலையை 2024-ல் மூடிவிட்டார்கள்.

இரு கரை விவசாயிகளும் கேட்பது ஒரே தண்ணீரைத்தான். ஆற்றுக்கென்று எவரும் கேட்பதில்லை. அணைகள் வெள்ளத்தைத் தடுத்துவிட்டதால் வண்டலை அடித்துச் செல்ல வேகம் இல்லை. படுகை மேடேறிக் குறுகுகிறது, வெளிநாட்டிலிருந்து வந்த சவுக்கு போன்ற டமரிஸ்க் மரம் கரையெல்லாம் மண்டிவிட்டது. 2001-ல் ஓட்டம் குறைந்து முகத்துவாரத்தை மணல் திட்டு அடைத்துக்கொண்டது. 3,000 கிலோமீட்டர் வந்த ஆறு கடலைத் தொடாமல் நின்றது.

2025 அக்டோபரில் முடிந்த ஐந்தாண்டிலும் மெக்சிகோ பக்கம் பாக்கி நிற்கிறது.