கம்ப்யூட்டர் கையில், பட்டா யார் பேரில்?

சென்ற வாரம் ஷிப்டு முடிந்து வந்த தோழர் ஒருவர் ஆலை வாசலில் நம்மிடம் ஒரு சங்கதி கேட்டார். அவர் மகளுக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை. கூரியரில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே புத்தம் புதிய லாப்டாப். கம்பெனி ஆள் யாரும் கூட வரவில்லை. பெண் அதைத் திறந்து இணையத்தோடு சேர்த்தாள். உடனே கம்பெனியின் பெயரும் சின்னமும் திரையில் வந்து, கம்பெனி கொடுத்த பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டன. "உறை பிரித்த வாசனை கூடப் போகவில்லை. அதற்குள் தன் எஜமான் யார் என்று அதற்கு எப்படித் தெரிந்தது?" என்றார் தோழர்.

நியாயமான கேள்வி.

முன்பெல்லாம் ஒரு ஆபீசுக்கு நூறு கம்ப்யூட்டர் வந்தால், அவற்றை ஓர் அறையில் அடுக்கிவைத்து, டெக்னீஷியன்கள் ஒவ்வொன்றாகத் திறந்து வேண்டியதை ஏற்றுவார்கள். மைக்ரோசாப்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி 2017-ல் 'விண்டோஸ் ஆட்டோபைலட்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இதைப் போன்ற ஒன்றை ஆப்பிள் கம்பெனி தன் சாதனங்களுக்கு 2014-லேயே தொடங்கிவிட்டது. இந்த ஏற்பாட்டில் அந்த அறைக்கு வேலையில்லை. விற்பவனிடமிருந்து பெட்டி நேரே ஊழியர் வீட்டுக்குப் போகலாம்.

சூட்சுமம் ஒரு பேரேட்டில் இருக்கிறது. பத்திரம் எழுதும்போது அங்க அடையாளம் எழுதுகிறார்கள் அல்லவா? அப்படியே ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் அங்க அடையாளம் உண்டு. செய்த கம்பெனி, மாடல், வரிசை எண், உள்ளே இருக்கும் உறுப்புகளின் விவரம் எல்லாவற்றையும் திரட்டி, ஏறக்குறைய 4,000 எழுத்து நீளத்துக்கு ஒரே கோவையாக ஆக்குகிறார்கள். 'ஹார்டுவேர் ஹாஷ்' என்று அதற்குப் பெயர். கம்பெனி நிர்வாகம் இதை ஒரு பட்டியலில் போட்டு மைக்ரோசாப்டின் பேரேட்டில் ஏற்றிவிடுகிறது. நிர்வாகம் அனுமதி கொடுத்தால் விற்பவனே ஏற்றிக் கொடுத்துவிடுவான். பிறகு அந்தக் கம்ப்யூட்டர் முதன்முதலாக இணையத்தைத் தொட்டதும், 'நான் யாருடையது?' என்று பேரேட்டைக் கேட்கிறது. 'இன்ன கம்பெனியுடையது' என்று பதில் வருகிறது. மற்றதெல்லாம் தானாக நடக்கிறது.

இந்தப் பேரேடு 'கிளவுட்'டில், அதாவது மேகத்தில், இருக்கிறது என்பார்கள். தஞ்சைத் தோழர்கள் அண்ணாந்து பார்க்க வேண்டாம். இது மழை பெய்யும் மேகமல்ல. பெருங்கம்பெனிகள் தரையிலே கட்டி வைத்திருக்கும் யந்திரக் கொட்டகை.

இந்த ஏற்பாடே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 1960-களில் கல்கத்தாவில் எல்.ஐ.சி. ஊழியர்கள் இலாகோ கட்டிடத்தில் கம்ப்யூட்டர் நுழையாதபடி காவல் இருந்தார்கள். அந்தக் காலத்துக்கு அந்தப் போராட்டம். இன்று நம் பிள்ளைகளே அதில்தான் சோறு சம்பாதிக்கிறார்கள். நூறு பெட்டியை ஒருவன் முதுகு ஒடிய ஒவ்வொன்றாகத் திறந்து மூட வேண்டாம் என்றால் நல்லதுதான். ஆனால் அந்த நூறு பெட்டியைத் திறந்துகொண்டிருந்தவன் கதி என்ன? அவர்களில் காண்ட்ராக்ட் பையன்கள் எத்தனையோ பேர். மிச்சமான நேரம் லாபக் கணக்கில் ஏறும். அவனுக்கு வேறு வேலை பழக்கிக் கொடுத்தார்களா என்று கேட்பார் யார்? சங்கம்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது, கம்ப்யூட்டருக்குள் யாருக்கு என்ன அதிகாரம் என்பது. பேரேட்டில் ஏற்றும்போதே இதையும் நிர்வாகம் முடிவு செய்துவிடலாம். ஊழியர் சாதாரண உபயோகிப்பாளராக மட்டும் இருப்பார். தானாக எதையும் மாற்ற முடியாது. 'இன்ட்யூன்' என்ற மேலாண்மை ஏற்பாட்டின் மூலம் நிர்வாகம் எங்கோ உட்கார்ந்தபடி உத்தரவு போட்டு, கம்ப்யூட்டரில் உள்ள அத்தனையையும் துடைத்தெறியலாம். கம்பெனி சொத்து, கம்பெனி உரிமை என்பார்கள். சரி. அதை முதல் நாளே பெண்ணிடம் சொன்னார்களா? தங்கை கல்யாணப் போட்டோவை அதிலே போட்டு வைத்துவிட்டு, வேலை போன அன்று அழுதால் யார் பொறுப்பு?

சொந்தக் கம்ப்யூட்டரில் கம்பெனி வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஆபீஸ் கணக்கைச் சொந்தக் கம்ப்யூட்டரில் சேர்க்கும்போது, 'என் சாதனத்தை என் நிறுவனம் நிர்வகிக்கச் சம்மதம்' என்ற பொருளில் ஒரு வரி வருவதுண்டு. பக்கத்தில் முன்கூட்டியே டிக் போட்டிருக்கும்! யோசிக்காமல் அடுத்த பொத்தானை அமுக்கினால், கம்பெனியின் ஏற்பாட்டைப் பொறுத்து, நம் காசில் வாங்கிய கம்ப்யூட்டர் அவர்கள் நிர்வாகத்தின் கீழ் போய்விடும். வெள்ளைத்தாளில் கைநாட்டு வாங்கிய மிராசுதாரை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட ஏழை வீட்டைச் சுடுவது வேறொன்று. நமக்குத் தெரிந்த விவசாயத் தொழிலாளி ஒருவர், கல்லூரிக்குப் போகும் மகனுக்காக, அறுவடைக் கூலியில் மிச்சம் பிடித்துப் பழைய லாப்டாப் ஒன்று வாங்கினார். நாலு மாதம் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் மக்கர் செய்தது. பையன் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக அமைக்கப் பார்த்தான். இணையத்தில் சேர்ந்ததுமே, அவன் கேள்விப்பட்டேயிராத ஒரு கம்பெனியின் பெயர் திரையில் வந்து கடவுச்சொல் கேட்டது. எத்தனை முறை அழித்தாலும் அதே கதை. கடைக்காரரிடம் போனால், "நான் மொத்தமாக எடுத்த சரக்கு அண்ணே, எனக்கு என்ன தெரியும்?" என்கிறார். இணையம் இல்லாமல் அமைத்து விற்றிருக்கிறார். அதனால் அன்றைக்குத் தெரியவில்லை.

நிலத்தை விற்றவன் பட்டா மாறுதல் செய்து கொடுக்காமல் போனால் என்ன ஆகும்? உழுகிறவன் ஒருவன், கச்சேரியில் பெயர் இன்னொருவனுக்கு. அதே கதைதான் இங்கும். கம்ப்யூட்டரை அழித்தாலும் பேரேடு அழியாது; அது இருப்பது வேறிடத்தில். உள்ளே இருக்கும் தாய்ப் பலகையை மாற்றினால் அங்க அடையாளமே மாறிப்போகும் என்பது உண்மை. அதற்கு ஆகும் செலவில் இன்னொரு பழைய லாப்டாப் வாங்கிவிடலாம். ஆனால் விற்கும் கம்பெனி நினைத்தால் தன் பெயரைப் பேரேட்டிலிருந்து நீக்குவது சில நிமிட வேலை. அதைச் செய்ய ஆளில்லை. ஏற்றுவதற்கு மட்டும் ஆளுண்டு!

இது ஒரு பையனோடு முடிகிற விஷயமல்ல. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 பல பழைய கம்ப்யூட்டர்களில் முறைப்படி ஏறாது. ஆகவே கம்பெனிகள் கழித்துக் கட்டும் சரக்கு பழைய கடைகளுக்கு வருகிறது. வாங்குகிறவர்கள் யார்? நம் வீட்டுப் பிள்ளைகள்.

கழித்து விற்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் பேரேட்டிலிருந்து நீக்கி, நீக்கினோம் என்று எழுத்தில் கொடுப்பதை விற்பவனுடைய கடமையாகச் சர்க்கார் ஆக்க வேண்டும். சர்க்கார் ஆபீசுகளும் ஏலம் விடும்போது இதைச் செய்யட்டும். கம்ப்யூட்டர் கொடுக்கும் நாளிலேயே, அதில் நிர்வாகத்துக்கு என்னென்ன அதிகாரம் உண்டு என்று ஊழியரின் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற ஷரத்தை ஐ.டி. ஊழியர் சங்கங்கள் ஒப்பந்தப் பேச்சில் வைக்க வேண்டும்.

அதுவரை, பழைய லாப்டாப் வாங்கப் போகும் தோழர்களுக்கு ஒன்று சொல்கிறோம். பணம் கொடுக்கும் முன், கண்ணெதிரே எல்லாவற்றையும் அழித்து, இணையத்தோடு சேர்த்து, மறுபடி அமைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் ஆனாலும் அங்கேயே உட்காருங்கள். ஏதாவது கம்பெனியின் பெயர் திரையில் வந்தால், பணத்தை மடியில் முடிந்துகொண்டு எழுந்து வாருங்கள்.