ஆறு அங்குல மழை

பங்குனி பிறந்துவிட்டால் கண்டியிலே வானொலியைத் திருப்புகிறவர் எவரும் நாள்தோறும் ஒரே வசனத்தைக் கேட்கலாம். மத்திய, சப்பிரகமுவ, ஊவா மாகாணங்களில் பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை பெய்வதற்கான சாத்தியம் காணப்படுகின்றதாம். வசனம் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. காலை வெயில் மலைச்சரிவைச் சுட, இரு கரைகளிலிருந்தும் கடற்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு உள்நாட்டுக்கு ஏறிவர, நண்பகல் கழிந்ததும் ஹந்தானை மலையின் தலையிலே கருமேகம் குந்திவிடும். பாடசாலை விட்டுப் பிள்ளைகள் பஸ் தரிப்பிடம் வந்து சேருமுன் இடி முழங்கும். ஆயினும் அந்த வசனத்தை நாம் கேட்பதேயில்லை. கோயிற் பூனை தேவருக்கு அஞ்சாது என்பார்களே, நாமும் அப்பூனைகள் ஆகிவிட்டோம்.

சில ஆண்டுகளாகத் தாழ்நில மாகாணங்களுக்கு வெப்ப எச்சரிக்கையும் சேர்ந்து வருகிறது. ‘மனித உடலால் உணரப்படும் வெப்பநிலை’ என்று அதற்கு ஒரு நெடும்பெயர். ‘புழுக்கம்’ என்றொரு சொல் நம்மிடம் சும்மா கிடக்கிறதே என்று யாருக்கும் தோன்றவில்லை போலும்.

வானிலை அறிக்கையைப் பரிகசிப்பது பண்டிதர் முதற் பாமரர் வரை எல்லோருக்கும் இனிய பொழுதுபோக்கு. இவ்வாண்டு இத்தனை மரக்கால் மழை என்று பஞ்சாங்கம் அடித்துச் சொல்லும். பெய்யாவிட்டால் பஞ்சாங்கக்காரரைக் கேட்பாரில்லை. வளிமண்டலவியல் திணைக்களமோ ‘சாத்தியம்’ என்று அடக்கமாகச் சொல்லும். மறுநாள் வெயில் எறித்தால் தேநீர்க் கடையெங்கும் ஒரே சிரிப்பு. நானும் சிரித்தவன்தான். 2025ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்துக்குப் பின்னர் அந்தச் சிரிப்பு எனக்கு வருவதில்லை.

அவ்வாண்டு நவம்பர் இறுதியில் வந்த ‘டித்வா’ சூறாவளி, காற்றின் வேகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் பெருஞ்சூறாவளி என்று சொல்லத்தக்கதன்று. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறையாடிய காற்றோடு அதனை ஒப்பிட முடியாது. அதன் கொடுமையெல்லாம் அதன் மெதுநடையிலே இருந்தது. தீவின் மேலே அது ஆற அமர நகர்ந்துகொண்டிருக்க, ஈரக்காற்று மலைகளில் மோதி மோதிப் பொழிந்தது. மத்திய மலைநாட்டில் 24 மணி நேரத்துக்குள் 300 மில்லிமீற்றருக்கு மேல் பெய்த இடங்கள் உண்டு. மண்ணோ முன்னைய மழைகளிலேயே ஊறிக் கிடந்தது. 22ஆம் திகதியே பஹல கடுகண்ணாவையிலே கொழும்பு வீதியோரத்தில் மண் சரிந்து 6 பேர் இறந்திருந்தனர். 28ஆம் திகதி வெள்ளிக்கிழமை விடிந்தபோது மகாவலி கம்பளையிலும் பேராதனையிலும் கரை கடந்து நின்றது. பேராதனைப் புகையிரதப் பாலம் சிதைந்தது. நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சை இடைநிறுத்தப்பட்டது. நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 200க்கு மேற்பட்டோர் கண்டி மாவட்டத்தவர். வேறெந்த மாவட்டத்திலும் இத்தனை உயிர்கள் போகவில்லை.

எச்சரிக்கை இல்லாமலா இத்தனை பேர் மாண்டனர்? எச்சரிக்கை இருந்தது. மண்சரிவுக்கென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று படிகளை வகுத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள்: விழிப்பாயிருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள்: புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75ஐத் தாண்டினால், சிவப்பு: வீட்டை விட்டு வெளியேற வேண்டும். தெளிவான ஏற்பாடுதான். அந்நாட்களில் கண்டி மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கையும் விடுக்கப்பட்டது.

ஆனால் 150 மில்லிமீற்றர் என்றால் என்ன? வகுப்பிலே கேட்டுப் பார்த்தேன். ‘நிறைய மழை, சேர்’ என்றார்கள். கணக்குப் போட வைத்தேன். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். ஓர் ஏக்கர் நிலத்திலே 150 மில்லிமீற்றர் பெய்தால் ஏறக்குறைய 6 இலட்சம் லீற்றர். 10,000 லீற்றர் கொள்ளும் பவுசர் வண்டிகள் 60ஐ வரிசையாக நிறுத்தி, ஒரு தேயிலைச் சரிவின் தலையிலே கவிழ்த்ததற்குச் சமம். கணக்கை முடித்ததும் வகுப்பில் சற்று நேரம் பேச்சில்லை.

இதிலே ஒரு விநோதமும் உண்டு. மலையகத்துத் தோட்டங்களிலே நெடுங்காலமாக மழையை அளந்து குறித்து வருகிறார்கள். கொழுந்தின் விளைச்சலுக்காக அளந்தார்கள்; லயத்திலே வாழ்ந்தவரின் உயிருக்காக அளக்கவில்லை. பழைய தொழிலாளருக்கு அதனால் அங்குலக் கணக்குப் பழக்கமானது. மூன்றங்குலம், நான்கங்குலம், ஆறங்குலம் என்று சொல்லியிருந்தால் அவர்களுக்கு உடனே விளங்கியிருக்கும்.

அடுத்தது ஊர்ப்பெயர். எச்சரிக்கைகள் பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயரால் வருகின்றன. ‘பஸ்பாகே கோரளை’ என்று அறிக்கை சொல்லும்போது, நாவலப்பிட்டிக்கு மேலே மலையில் இருப்பவர் அது தம்மைத்தான் அழைக்கிறது என்று உணர்வாரா? ‘உடபலாத்த’ என்றால் கம்பளை என்பது கச்சேரிக்குப் போய்வந்தவருக்குத் தெரியும். தோட்டத்திலே பிறந்தவருக்குத் தோட்டத்தின் பெயர் தெரியும். மேற்கணக்கு, கீழ்க்கணக்கு தெரியும். பெயர் சொல்லி அழைக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரனே திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்த வாரத்திலே தமிழ் எச்சரிக்கைகள் பிந்தி வந்தன, சில வேளை வரவேயில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சட்டம் ஏட்டிலே இருக்க, மழை மலையிலே பெய்தது. இதற்காக அரசைக் குறைகூறுவது நியாயமே. வேண்டிய அளவு கூறியும் விட்டோம். ஆனால் வந்து சேர்ந்த தமிழைப் பற்றி நாம் ஏன் பேசவில்லை? ‘பலத்த மழைவீழ்ச்சி எதிர்பார்க்கப்படுகின்றது’ என்ற வசனத்திலே எதிர்பார்ப்பவர் யார்? மழையைக் குறிக்க நம்மிடம் தூறல், சாரல், அடைமழை என்று எத்தனை சொற்கள்! மாலையில் இடித்துப் பெய்து ஓய்வதும், இரவு பகலாய் அடைத்துக்கொண்டு பெய்வதும் மலைக்கு வெவ்வேறு ஆபத்துகள். அறிக்கைத் தமிழுக்கோ இரண்டும் மழைவீழ்ச்சியே. இலக்கியக் கூட்டங்களிலே சொல்வளம் பற்றி மணிக்கணக்காகப் பேசுகின்ற நாம், இரண்டு வரி எச்சரிக்கையைப் பாட்டிக்கு விளங்குமாறு எழுதிக் கொடுக்க முன்வந்ததில்லை. இப்பணி மொழிபெயர்ப்பாளருடையது என்று ஒதுங்கிக்கொண்டோம். ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் அவர்களுக்கு அருகே அமர வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இந்த அபிப்பிராயத்தோடு நான் நிறைவடைந்திருந்த வேளையிலே, தெல்தோட்டைப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். அவளது தமையனின் கைத்தொலைபேசிக்கு அன்றிரவு செய்தி வந்ததாம். அதுவும் தமிழில். “சிவப்பு என்று இருந்தது, சேர். எங்கே போறதென்று இருக்கவில்லை.” மேலே மலை, கீழே ஓடை, நடுவே லயத்துக் காம்பரா. இருட்டிலே அவர்கள் மழை குறையும்வரை அடுப்படியில் விழித்திருந்திருக்கிறார்கள். அவர்கள் தப்பியது தற்செயல்.

அவளுக்கு என்னிடம் விடையில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையிலே லயங்கள் புதையுண்டபோதும் இதே கேள்விதான் கிடந்தது. அது ஆபத்தான இடமென்று முன்னரே அடையாளங் காணப்பட்டிருந்தது. அங்கிருந்தவர்களுக்கு வேறு நிலம் இருக்கவில்லை. எத்துணை நல்ல தமிழும் நிலமாகிவிடாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். என்றாலும் சொல்லைத் திருத்தும் வேலையை நிலம் கிடைக்கும்வரை ஒத்திவைக்கவும் எனக்கு மனமில்லை.

ஆகவே வகுப்பிலே ஒரு காரியம் தொடங்கியிருக்கிறோம். மலையிலிருந்து வரும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் வெறும் பால்மாப் பேணி ஒன்றை வீட்டு முற்றத்திலே, மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வைக்கிறார்கள். பக்கம் நேராக, அடி தட்டையாக இருந்தாற் போதும். காலையிலே அடிமட்டத்தை விட்டு அளந்து குறித்துவிட்டு நீரைக் கொட்டிவிட வேண்டும். பெருமழையென்றால் இரவிலும் அளக்க வேண்டும். ஆறங்குலம் நிறையும்வரை காத்திருக்கக் கூடாத வேளைகளும் உண்டென்று சொல்லியிருக்கிறேன்: நிலத்திலே புதிய வெடிப்பு, சாயத் தொடங்கும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று. இவற்றுள் எதைக் கண்டாலும் பேணியைப் பார்க்க வேண்டியதில்லை.

கொப்பியிலே மூன்று நிரல்கள்: திகதி, அங்குலம், போகுமிடம். தெல்தோட்டை மாணவி முதல் இரண்டையும் ஒருநாளும் தவறாமல் எழுதி வருகிறாள். மூன்றாவதை வெறுமையாக விட்டிருக்கிறாள். அதை நிரப்ப வேண்டியவர்கள் பிரதேச செயலகத்திலும் தோட்ட நிருவாகத்திலும் இருக்கிறார்கள். வகுப்பின் பெயரால் இரு இடத்துக்கும் கடிதம் எழுதியிருக்கிறோம்; அந்தப் பக்கத்தின் பிரதியையும் உடன் இணைத்திருக்கிறோம்.