இடுப்புப் பழம்

என் வகுப்பில் படிக்கும் பையன் ஒருவன் ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கு வரவில்லை. மறுநாள் காரணம் கேட்டேன்.

"பாட்டியக் கூட்டிக்கிட்டு கிளினிக்குப் போனேன் டீச்சர்" என்றான்.

அவன் தகப்பனார் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். தாயார் தொழிற்சாலைக்குப் போகிறார். இருவரில் யார் லீவு போட்டாலும் அன்றைய சம்பளம் இல்லை. பாட்டிக்கோ மீன்காரரிடம் விலை பேசும் அளவுக்குத்தான் மலாய் தெரியும். ஆகவே பதினோரு வயதுப் பேரன் துணைக்குப் போயிருக்கிறான். நம் பக்கத்தில் இது புதிதல்ல. கோல சிலாங்கூரிலும் புக்கிட் ரோத்தானிலும், 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தையிலும் எந்தக் கிளினிக்கில் உட்கார்ந்தாலும் ஒரு பாட்டியும் ஒரு பேரப்பிள்ளையும் கண்ணில் படுவார்கள்.

"டாக்டர் என்னப்பா சொன்னார்?"

"பாட்டிக்கு இடுப்புப் பழத்துல கோளாறாம் டீச்சர்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். சிரித்து முடிந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. டாக்டர் சொன்னது 'புவா பிங்காங்'. மலாயில் புவா என்றால் பழம், பிங்காங் என்றால் இடுப்பு. இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகம். பையன் ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் கூட்டவில்லை. சொல்லுக்குச் சொல் சரியாக மொழிபெயர்த்துப் பாட்டியிடம் கொடுத்திருக்கிறான்.

உடனே வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். அன்றைக்குப் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை, மறந்துபோனேன். பாட்டியும் கவலைப்படவில்லை. "டாக்டரு சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்காரு. குனிஞ்சு குனிஞ்சு பால்மரம் வெட்டின இடுப்பு, வலிக்காம என்ன செய்யும்?" என்று சொல்லி, தைலம் வாங்கித் தேய்த்துக்கொண்டாராம். இடுப்பு வலி கொஞ்சம் குறைந்தது. கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டார். திரும்ப வரச் சொன்ன தேதிக்கும் போகவில்லை. நான்கு மாதம் கழித்துக் கால் இரண்டும் வீங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த நான்கு மாதத்தில் எவ்வளவு கெட்டது என்பதை யாராலும் அளந்து சொல்ல முடியாது.

இதில் யாரைக் குறை சொல்வது? டாக்டர் தம் கடமையைச் செய்தார். பையன் தன்னால் ஆனதைச் செய்தான். என் மனம் என்னைத்தான் சுட்டது. அறிவியல் பாடத்தில் சிறுநீரகத்தை நடத்தியவள் நானே. சோதனையில் படம் போட்டுப் பெயர் கேட்டிருந்தேன். அந்தப் பையன் 'சிறுநீரகம்' என்று எழுத்துப்பிழை இல்லாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தான். பரீட்சைத் தாளில் இருந்த சிறுநீரகமும் டாக்டர் வாயில் வந்த புவா பிங்காங்கும் பாட்டியின் உடம்புக்குள் இருப்பதும் ஒன்றே என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அன்றிரவு எனக்கு ஒரு வைத்தியர் நினைவுக்கு வந்தார். அவர் தமிழர் அல்லர். ஆனால் ஒரு தமிழ்ப் பாட்டிக்கு அவள் உடம்பைப் பற்றி அவள் மொழியிலேயே சொல்லவேண்டும் என்பதற்காக ஆயுளில் பாதியைச் செலவழித்தவர்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் படித்துத் தேறி, 1847இல் தமது இருபத்தைந்தாம் வயதில் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். வந்தது அமெரிக்க மிஷனின் ஊழியராக. மதம் பரப்புவதும் அவர் நோக்கந்தான். அதை மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. மறு ஆண்டே மானிப்பாயில் தங்கி, வைத்தியம் பார்த்துக்கொண்டே சில மாணவர்களுக்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். அப்போது பாடம் ஆங்கிலத்தில் நடந்தது.

சில ஆண்டுகளில் அவர் ஒன்றைக் கவனித்தார். ஆங்கிலத்தில் படித்துத் தேறியவர்கள் நல்ல சம்பளத்துக்கு அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் போய்விடுகிறார்கள். கிராமத்து நோயாளி இருந்த இடத்திலேயே இருக்கிறான். தமிழில் படித்தவன் தன் ஊரிலேயே இருப்பான், தன் சனங்களுக்கு விளங்கும்படி பேசுவான் என்று கிறீன் நம்பினார். 1864இல் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். மாணவர்கள் உடையிலும் பழக்கவழக்கத்திலும் தமிழராகவே இருக்கவேண்டும் என்பதும் அவருடைய பிடிவாதம்.

தமிழில் கற்பிப்பதென்றால் தமிழில் புத்தகம் வேண்டாமா? அதற்கான வேலையை அவர் முன்பே தொடங்கியிருந்தார். 1857இல் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' அச்சாகி வந்தது. அங்காதிபாதம் என்றால் இன்று நாம் சொல்லும் உடற்கூறியல். சுகரணவாதம் என்றால் உடலியங்கியல். உற்பாலனம் என்றால் உடல்நலம் பேணும் முறை. அதே ஆண்டு 'பிரசவ வைத்தியம்' வந்தது. 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்', 1875இல் 'கெமிஸ்தம்' என்று வரிசையாகத் தொடர்ந்தன. மொத்தம் 4,000 பக்கங்களுக்கு மேல்.

இவற்றில் 'மனுஷ அங்காதிபாதம்' என்பது ஹென்றி கிரே எழுதிய புகழ்பெற்ற உடற்கூற்று நூலின் தமிழாக்கம். மூல நூல் லண்டனில் முதலில் வெளியானது 1858இல். பதினான்கே ஆண்டுகளில் அது மானிப்பாய் மாணவனின் கையில் தமிழில் இருந்தது. கப்பலில் கடிதம் போன காலத்தில் இது நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதையெல்லாம் கிறீன் தனி ஆளாகச் செய்யவில்லை. டான்போர்த், சப்மன் போன்ற மாணவர்கள் மொழிபெயர்ப்பில் தோள் கொடுத்தார்கள். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம், அவர்கள் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள்தாம். மிஷன் பள்ளிகளில் அமெரிக்கப் பெயர் வைப்பது அன்றைய வழக்கம். மாணவர்கள் எழுதியதைக் கிறீன் வரிவரியாகப் பார்த்துத் திருத்துவார்.

ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். முதலில் தமிழில் ஏற்கெனவே வழங்கும் சொல் உண்டா என்று பழைய வைத்திய நூல்களில் தேடுவது. இல்லையென்றால் வடமொழியில் பார்ப்பது. அங்கும் பொருந்தவில்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் நாவுக்கு ஏற்றபடி எழுதிக்கொள்வது. கெமிஸ்தம் என்பது அப்படி வந்த சொல். இந்தச் சொற்களைத் தொகுத்து அருஞ்சொற்றொகுதியாகவும் அச்சிட்டார். மாணவன் ஒருவன் ஒரு பக்கத்தில் ஒரு பெயரும் மறு பக்கத்தில் வேறொரு பெயரும் படித்துக் குழம்பக்கூடாது என்பதே அதன் நோக்கம்.

1857இல் ஊருக்குத் திரும்பி, 1862இல் மனைவியோடு மீண்டும் வந்து, 1873இல் கடைசியாக யாழ்ப்பாணத்தை விட்டுப் போனார். போனவர் ஓய்ந்து உட்காரவில்லை. வூஸ்டரில் இருந்தபடியே மொழிபெயர்ப்புத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். 'மனுஷ சுகரணம்' வெளியானது 1883இல். அடுத்த ஆண்டு மே மாதம் அவர் காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்பதையே தம் கல்லறையில் பொறிக்கச் சொன்னார்.

இனி நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அவ்வளவு பாடுபட்டு அமைத்த சொற்களில் எத்தனை இன்று நம் வாயில் இருக்கின்றன? அங்காதிபாதம் என்றால் யாருக்கும் தெரியாது. சுகரணமும் கெமிஸ்தமும் வழக்கில் இல்லை. அவர் போன பிறகு தமிழில் மருத்துவம் கற்பிப்பதும் நிலைக்கவில்லை. அப்படியானால் உழைப்பு வீண்தானே என்று தோன்றலாம்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. மானிப்பாயில் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் அவரிடம் மருத்துவம் கற்றுத் தேறினார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தமிழில் படித்தவர்கள். அந்தத் தமிழ் வைத்தியர் ஒருவர் கிராமத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "உன் வயிற்றில் இன்ன இடத்தில் இன்ன கோளாறு" என்று சொன்னபோது கேட்டவளுக்கு விளங்கியதே, அந்த நிமிடத்திலேயே சொல் தன் வேலையைச் செய்துவிட்டது. அதன் பிறகு அதைவிட நல்ல சொல் வந்தால் வரட்டும்.

ஆனால் எழுதி வைத்தால் மட்டும் போதாது, காத்து வைக்கவும் ஆள் வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓலைச்சுவடிகளும் அதில் போயின. ஒரே இடத்தில் இருந்தது ஒரே இரவில் போனது. தமிழ்நாட்டில் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். அவர் தம் பணத்தில் பழைய தமிழ்ப் புத்தகங்களைத் தேடித்தேடிச் சேர்த்தார். ஏறக்குறைய ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் சேர்ந்தன. வைத்திய நூல்களும் அவற்றில் உண்டு. அவர் 1992இல் மறைந்தபின், 1994 முதல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இயங்குகிறது. இலங்கைத் தமிழ் நூல்களை 2005 முதல் 'நூலகம்' என்ற அமைப்பினர் இணையத்தில் ஏற்றி வருகிறார்கள். பணம் கட்டாமல் எவரும் படிக்கலாம். கிறீனை நம் காலத்தவர்க்கு நினைவூட்டியவரும் ஒரு தமிழ்க் கவிஞர்தான். 1967இல் அம்பி 'கிறீனின் அடிச்சுவடு' என்ற நூலை எழுதினார்.

நம் நாட்டிலும் மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தார்கள். அவர்களை யாரும் அந்தப் பெயரால் அழைத்ததில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் ஐயாவைத்தான் சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தவர்கள் பலர். வாரம் ஒருமுறை வரும் வெள்ளைக்கார டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதை, லயத்துக் கிழவிக்கு விளங்கும் தமிழில் திருப்பிச் சொன்னவர்கள் அவர்கள். தோட்டத்து ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. டிரசர் ஐயா இருந்த நாற்காலியில் இன்று நம் பதினோரு வயதுப் பையன் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு நாம் என்ன கொடுத்து அனுப்பினோம்?

இதை நினைத்துத்தான் எங்கள் வகுப்பில் ஒரு நோட்டுப் போட்டோம். பக்கத்துக்கு மூன்று கட்டம். முதல் கட்டத்தில் டாக்டர் சொல்லும் மலாய்ச் சொல். இரண்டாவதில் வீட்டில் வழங்கும் சொல். மூன்றாவதில் பாடப்புத்தகத் தமிழ். பிள்ளைகள் வீடு வீடாகக் கேட்டு வந்தார்கள். 'கென்சிங் மானிஸ்' வீட்டில் இனிப்பு நீர், புத்தகத்தில் நீரிழிவு. தமிழ்நாட்டில் இதையே சர்க்கரை வியாதி என்பார்கள். 'டாரா திங்கி' வீட்டில் ரத்தக் கொதிப்பு, புத்தகத்தில் உயர் இரத்த அழுத்தம்.

'ஹாத்தி' என்ற சொல்லில் பெரிய வாக்குவாதமே நடந்தது. மலாய்ப் பாட்டில் ஹாத்தி என்றால் மனம். ஆஸ்பத்திரியில் ஹாத்தி என்றால் கல்லீரல். இருதயத்துக்கு 'ஜந்தோங்' என்று வேறு சொல் இருக்கிறது. "அப்போ எங்க தாத்தாவுக்கு மனசு சரியில்லன்னு சொன்னது கல்லீரலா டீச்சர்?" என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

நோட்டு பெரிதாக ஒன்றுமில்லை. நாற்பது சொல்கூட இன்னும் சேரவில்லை. தவறு இருக்கக்கூடாது என்பதற்காக, விவரம் தெரிந்த தாதி ஒருவரிடம் காட்டித் திருத்தி வாங்குகிறோம். கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி எழுதியிருக்கிறோம். விளங்காத சொல்லை நீயாக மொழிபெயர்க்காதே. டாக்டரிடம் படம் போட்டுக் காட்டச் சொல். முக்கியமான செய்தி என்றால் பெரியவர் ஒருவர் கட்டாயம் கூட வரவேண்டும் என்று வீட்டில் சொல்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு நோட்டுப் போடுங்கள். மருந்துச் சீட்டில் இருப்பது எந்த உறுப்புக்கு, எந்த நோய்க்கு என்று கேட்டு எழுதி வையுங்கள். மருந்துப் பெட்டி பக்கத்திலேயே அந்த நோட்டும் இருக்கட்டும். தோட்டத்தை விட்டு வீடு மாறும்போது பழைய பேப்பரோடு அதைப் போட்டுவிடாதீர்கள்.

போன வாரம் அந்தப் பாட்டியைப் பார்க்கப் போனேன். உப்பைக் குறைத்திருக்கிறார். கிளினிக் தேதியைக் காலண்டரில் பேரன் வட்டம் போட்டு வைத்திருக்கிறான். அவன் வரைந்த படம் ஒன்று சாமிப் படத்துக்குக் கீழே ஒட்டியிருந்தது.

"பழம்னு சொல்லி என்னை ஏமாத்திட்டான் டீச்சரம்மா" என்றார் பாட்டி. "பழமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மொச்சக்கொட்டை மாதிரி ரெண்டு இருக்காம். அதான் ரத்தத்தைச் சுத்தம் பண்ணுதாம். இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் எதுக்குத் தைலம் வாங்கப் போறேன்?"